ஐந்து பிள்ளைகளின் அன்னை

புனிதைகள் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது, கையில் லீலி மலரும் விண்ணை நோக்கிய விழிகளுமாய் நிற்கும் இளங்கன்னியரின் உருவமே. ஒரு குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு, இன்னொரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, இரவில் கணவரின் கடன் கணக்கைக் கூட்டிப் பார்க்கும் ஒரு பெண்ணை எந்தப் படத்திலும் நாங்கள் கண்டதில்லை. ஆண்டு மலருக்காக ஒரு புனிதையின் வரலாற்றை எழுதும் பணி பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, நாங்கள் தேடியது அப்படிப்பட்ட ஒருவரைத்தான். கிடைத்தார், அவரே புனித எலிசபெத் ஆன் சீட்டன். இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகள் என வழங்கும் மண்ணில் பிறந்தவர்களுள் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர் இவர். ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய். பின்னாளில் ஒரு கன்னியர் சபையை நிறுவிய தலைவி. இவ்விரண்டும் ஒருவரிடமே எப்படிப் பொருந்தின என்பது எங்களுக்குப் பெரும் வியப்பாய் இருந்தது.

1774ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் நியூயார்க் நகரில் எலிசபெத் பிறந்தார். தந்தை ரிச்சர்டு பெய்லி பெயர் பெற்ற மருத்துவர். தாய் கேதரின் சார்ல்டன் ஒரு ஆங்கிலிக்கன் குருவின் மகள். ஆம், எலிசபெத் பிறப்பால் கத்தோலிக்கர் அல்லர். குழந்தைக்கு மூன்று வயது நிரம்புமுன் தாய் இறந்துபோனார். அடுத்த ஆண்டே தங்கைக் குழந்தையும் இறந்தது. வீட்டில் உள்ளோர் அழுதுகொண்டிருக்க, நான்கு வயதுச் சிறுமியான எலிசபெத் வாசற்படியில் உட்கார்ந்து மேகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அம்மாவும் தங்கையும் அங்கேதானே போயிருக்கிறார்கள், நாமும் போய்விடலாமே என்று அவளுக்குத் தோன்றியதாம். இதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதி வைத்திருக்கிறார்.

தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னையின் அன்பு எலிசபெத்துக்கும் அவருடைய அக்காளுக்கும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். தந்தையோ மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பெண்கள் இருவரும் சிற்றப்பா வீட்டில் பல காலம் வளர்ந்தனர். பிரெஞ்சு மொழி, பியானோ, குதிரை ஏற்றம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் தாய் இல்லாத குறை மட்டும் தீரவில்லை. இதை இங்கேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் அவர் எடுத்த மிகப் பெரிய முடிவில் இந்தக் குறைக்கும் ஒரு பங்கு இருந்தது.

1794 ஜனவரி 25ஆம் நாள், 19ஆம் வயதில், வில்லியம் மாகி சீட்டன் என்னும் வணிகரை எலிசபெத் மணந்தார். சீட்டன் குடும்பத்தினர் கப்பல் வாணிபத்தில் செல்வம் சேர்த்தவர்கள். இளந்தம்பதியர் வால் தெருவில் குடியேறினர். அன்னா மரியா 1795இலும், வில்லியம் 1796இலும், ரிச்சர்டு 1798இலும், கேதரின் 1800இலும், ரெபேக்கா 1802இலும் பிறந்தனர். எட்டு ஆண்டுகளுக்குள் ஐந்து குழந்தைகள்! நாங்கள் தேதிகளை எழுதி வைத்துக் கணக்குப் பார்த்தபோது, அந்த வீட்டில் தொட்டில் காலியாகவே இருந்திருக்காது என்று தெரிந்தது.

இதற்கிடையே 1798இல் மாமனார் இறந்தார். அவருடைய இளைய பிள்ளைகள் ஆறு பேரையும் வளர்க்கும் பொறுப்பு எலிசபெத்தின் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 23. வயிற்றில் மூன்றாவது குழந்தை. மூத்த மருமகள் என்றால் எந்த நாட்டிலும் இதுதான் நிலைமை போலும்! பெரிய வீட்டுக்குக் குடிமாறி, தம் குழந்தைகளையும் கணவரின் தம்பி தங்கைகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிற்காலத்தில் ஒரு பள்ளியை நடத்திய அன்னையின் முதல் வகுப்பறை அதுதான். கணவரின் தங்கை ரெபேக்கா அவருக்கு உயிர்த்தோழியானார். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்து வந்தனர்.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். 1797இல் நியூயார்க்கில் சில பெண்மணிகள் கூடி, சிறு குழந்தைகளை உடைய ஏழை விதவைகளுக்கு உதவ ஒரு சங்கம் தொடங்கினர். அதன் பொருளாளர் எலிசபெத் சீட்டன். பட்டாடை உடுத்திய 23 வயதுச் சீமாட்டி, விதவைகளுக்காக நன்கொடை வசூலித்துக் கணக்கு எழுதினார். இன்னும் ஆறே ஆண்டுகளில் தாமும் சிறு குழந்தைகளை உடைய ஓர் ஏழை விதவையாவோம் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

துன்பம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கப்பல்கள் நஷ்டப்பட்டன, வாணிபம் நொடித்தது. வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றிப் போனபோது எலிசபெத்தே இரவில் உட்கார்ந்து கணவரின் கணக்குகளையும் கடிதங்களையும் எழுதினார். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கணவருக்கோ காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது.

1801ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தைத் தந்தையோடு ஸ்டேட்டன் தீவில் அவர் கழித்தார். டாக்டர் பெய்லி அப்போது நியூயார்க் துறைமுகத்தின் சுகாதார அதிகாரி. நோயோடு வரும் கப்பல் பயணிகளை ஊருக்குள் விடாமல் அத்தீவில் தடுத்து வைத்துச் சிகிச்சை செய்வது அவருடைய பணி. அயர்லாந்திலிருந்து பசியும் காய்ச்சலுமாய் வந்து இறங்கிய குடும்பங்களை எலிசபெத் சன்னல் வழியே பார்த்தார். தாய்ப்பால் வற்றிப்போய்க் குழந்தைகள் மடிந்தன. அவர் மடியிலோ ஒரு வயது கேதரின். தம் குழந்தைக்குப் பால் மறக்கடித்துவிட்டு, அந்தக் குழந்தைகளுக்குப் பாலூட்டலாமா என்று தந்தையிடம் கேட்டார். தொற்றுக்கு அஞ்சித் தந்தை இசையவில்லை. அந்த ஆகஸ்டு மாதமே காய்ச்சல் கண்டு தந்தை இறந்துபோனார்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. பிறர் குழந்தைக்காகத் தன் குழந்தையின் பாலை எடுக்கலாமா? சிலர் கூடாது என்றோம்; சிலர், ஒரு வயதுக் குழந்தை கஞ்சி குடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்றோம். வாதம் முடியுமுன் மணி அடித்துவிட்டது.

கடல் காற்று கணவரின் நோய்க்கு நல்லது என்று மருத்துவர்கள் கருதினர். இத்தாலி நாட்டு லிவோர்னோ துறைமுகத்தில் ஃபிலிக்கி என்னும் வணிகக் குடும்பத்தார் வில்லியமுக்கு இளமை முதலே நண்பர்கள். 1803 அக்டோபர் 2ஆம் நாள் கணவரோடும் எட்டு வயது அன்னா மரியாவோடும் எலிசபெத் கப்பல் ஏறினார். மற்ற நான்கு குழந்தைகளையும் உறவினர் பொறுப்பில் விட்டார். கடைக்குட்டி ரெபேக்காவுக்கு அப்போது வயது ஒன்றுதான்.

ஏறத்தாழ ஏழு வாரங்கள் கடலில் கழிந்தன. கப்பல் கரை சேர்ந்தபோது ஆலய மணிகள் ஒலித்தன. ஃபிலிக்கி நிறுவனத்தில் பணியாற்றிய எலிசபெத்தின் சகோதரர், சிற்றன்னையின் மகன், படகில் எதிர்கொண்டு வந்தார். எலிசபெத் ஆவலோடு ஓடினார். நெருங்கக் கூடாது என்று காவலர் தடுத்தனர். நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்ததால், அங்கிருந்து வந்த நோயாளியை ஊருக்குள் விட மறுத்துவிட்டனர். தந்தை எத்தனை குடும்பங்களை அப்படித் தடுத்து வைத்திருப்பார்! இப்போது மகளே தடுத்து வைக்கப்பட்டார்.

அந்தத் தடுப்பு இல்லத்துக்கு லாசரெட்டோ என்று பெயர். கடலோரத்தில் கற்சுவர், செங்கல் தரை, சாத்தினாலும் சந்து வழியே நுழையும் காற்று. இருமி இருமி இரத்தம் கக்கும் கணவருக்கு அங்கே ஒரு மாதம் சிறை. எலிசபெத் தினமும் சங்கீதங்களையும் இசையாஸ் ஆகமத்தையும் வாசித்துக் காட்டினார். கணவர் உறங்கும்போது நாத்தனார் ரெபேக்காவுக்காக நாட்குறிப்பு எழுதினார். அன்னாவுக்குக் குளிரில் கை கால் விறைத்துவிடும். அப்போது தாயும் மகளும் கயிறு தாண்டி விளையாடி உடம்பைச் சூடேற்றிக்கொள்வார்களாம். இதைப் படித்த அன்று இடைவேளையில் நாங்களும் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு போனோம். ஆனால் எண்ணிக்கொண்டு தாண்ட மனம் வரவில்லை. அறைக்குள்ளே தந்தை இறந்துகொண்டிருக்க, வெளியே ஒரு தாய் மகளுக்காகக் கயிறு தாண்டியிருக்கிறாள்.

டிசம்பர் 19ஆம் நாள் அவர்களை விடுவித்தனர். வில்லியமை பீசா நகருக்குக் கொண்டு சென்றனர். கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டாம் நாள், டிசம்பர் 27ஆம் நாள், அவர் உயிர் துறந்தார். தொற்றுக்கு அஞ்சி மற்றவர்கள் விலகி நிற்க, துணி வெளுக்கும் ஒரு பெண்ணின் துணையோடு எலிசபெத்தே கணவரின் உடலைக் கழுவித் துடைத்து அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தார். 29 வயதில் விதவை. உடன் இருப்பது ஒரு குழந்தை; கடலுக்கு அப்பால் நான்கு குழந்தைகள்; கையில் காசு இல்லை.

ஃபிலிக்கி குடும்பத்தார் அவரைத் தம் வீட்டுப் பெண்ணாகவே நடத்தினர். ஃபிலிப்போ, அந்தோனியோ என்னும் சகோதரர் இருவர். அந்தோனியோவின் மனைவி அமபீலியா. மூவரும் ஆழ்ந்த கத்தோலிக்கர். அவர்கள் அதிகம் போதித்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நோன்பு இருப்பதையும், நாள்தோறும் திருப்பலிக்குச் செல்வதையும், வேலைக்காரரையும் பிள்ளைகளையும் நடத்தும் முறையையும் எலிசபெத் அருகிருந்து கண்டார். தெரு வழியே நற்கருணைப் பவனி சென்றபோது, சன்னலருகே முழந்தாளிட்டு, இதில் இறைவன் மெய்யாகவே இருப்பாரானால் எவ்வளவு நல்லது என்று ஏங்கினார். மோன்டெநேரோ மலைக்கோவில் திருப்பலியில், எழுந்தேற்ற வேளையில் ஓர் ஆங்கிலப் பயணி காதருகே கேலி பேசினார். அது அவர் நெஞ்சைத் தைத்தது. ஒருநாள் மேசை மேல் கிடந்த ஜெபப்புத்தகத்தில் தேவமாதாவிடம் செய்யும் மன்றாட்டு ஒன்று கண்ணில் பட்டது. மூன்று வயது நிரம்புமுன் தாயை இழந்தவர் அதை வாசித்தபோது, தமக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று உணர்ந்து கண்ணீர் விட்டார்.

அன்னாவுக்கும் பிறகு தாய்க்கும் செங்காய்ச்சல் வந்ததால் புறப்பாடு தள்ளிப்போயிற்று. அந்தோனியோ ஃபிலிக்கியே துணைக்கு வர, 1804 ஜூன் 4ஆம் நாள் நியூயார்க்கில் இறங்கினர். நான்கு குழந்தைகளும் நலமாய் இருந்தனர். ஆனால் நாட்குறிப்பு யாருக்காக எழுதப்பட்டதோ அந்த நாத்தனார் ரெபேக்கா படுத்த படுக்கையாக இருந்தார். ஜூலையில் அவரும் போய்விட்டார்.

அதன்பின் வந்த எட்டு மாதங்கள்தாம் எலிசபெத்தின் வாழ்க்கையிலேயே கடினமானவை என்பது எங்கள் எண்ணம். கணவர் இறந்தது அவர் கையில் இல்லை. இப்போதோ முடிவு அவர் கையில் இருந்தது. அன்று நியூயார்க்கில் கத்தோலிக்கருக்கு இருந்தது புனித பேதுரு ஆலயம் ஒன்றே. அங்கே வருவோரில் பெரும்பாலோர் ஏழை அயர்லாந்துக்காரர். சீட்டன் குடும்பத்தாரும் பெய்லி குடும்பத்தாரும் அந்த மக்களைக் கதவுக்கு உள்ளே விடமாட்டார்கள். அவர்களோடு போய் முழந்தாளிட்டால் உறவினரின் உதவி நின்றுபோகும். ஐந்து குழந்தைகள் பட்டினி கிடக்க நேரிடும். அவருடைய ஆன்ம ஆலோசகரான குரு ஹோபர்ட், மாறவே கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். ஃபிலிக்கி சகோதரரோ மறுபக்கம் எழுதினர். இரு பக்கத்து நூல்களையும் படித்துப் படித்து அவர் குழம்பிப் போனார். தம் பழைய ஆலயத்தில் ஓரமாய் உட்கார்ந்தபடி, அடுத்த தெருவிலிருந்த புனித பேதுரு ஆலயத்தின் திசையை நோக்கி, அங்குள்ள நற்கருணையிடம் பேசுவாராம்.

இந்நாட்களில் வீட்டில் நடந்த ஒன்றை அமபீலியாவுக்கு அவர் எழுதியிருக்கிறார். மாலை ஜெபத்தின்போது அன்னா தாயைக் கெஞ்சி, இத்தாலியில் கேட்ட அருள்நிறை மந்திரத்தைச் சொல்லச் சொன்னாள். உடனே மற்றக் குழந்தைகளும் எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று சூழ்ந்துகொண்டனர். இரண்டு வயது ரெபேக்காவும் மழலையில் சொல்ல முயன்றாள். நூல்களால் தீராத குழப்பம் குழந்தைகளால் தீர்ந்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் ஐந்து பேரும் தாயின் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

1805 மார்ச் 14ஆம் நாள் புனித பேதுரு ஆலயத்தில் எலிசபெத் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். மங்கள வார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25இல் முதன்முறையாக நற்கருணை உட்கொண்டார். ஆலயத்துக்கு நடந்துபோன அந்தப் பாதையின் ஒவ்வோர் அடியையும் எண்ணினாராம்.

அஞ்சியது நடந்தது. உறவினர் பலர் முகம் திருப்பிக்கொண்டனர். ஆங்கிலேயர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கிய பள்ளி சில மாதங்களிலேயே மூடப்பட்டது. பிறகு பள்ளி மாணவருக்கு விடுதி நடத்தினார். பையன்களுக்குச் சமைப்பது, துணி துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவரே. வால் தெருச் சீமாட்டிக்கு ஓய்வு என்பதே இல்லை. 1806இல் கணவரின் கடைசித் தங்கைகளுள் ஒருத்தியான 14 வயது சிசிலியாவும் கத்தோலிக்க மறையில் சேர்ந்தபோது, அந்தக் கோபம் முழுவதும் எலிசபெத்தின் மேல் பாய்ந்தது. மகன்களின் படிப்புச் செலவை மட்டும் ஃபிலிக்கி குடும்பத்தார் ஏற்றுக்கொண்டனர். நட்பு என்பதன் பொருளை அந்தக் குடும்பத்தைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

1808இல் தூபூர் என்னும் குரு, பால்ட்டிமோர் நகருக்கு வந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும்படி அழைத்தார். பெண் குழந்தைகள் மூவரோடும் எலிசபெத் அங்குச் சென்றார். மகன்களும் அருகிலேயே படிக்க வந்தனர். சில இளம்பெண்கள் அவருடன் சேர்ந்தனர். 1809 மார்ச் 25இல் பேராயர் ஜான் கரோல் முன்னிலையில் அவர் வார்த்தைப்பாடு கொடுத்தார். அன்று முதல் அனைவருக்கும் அவர் அன்னை சீட்டன் ஆனார். கறுப்பு உடை, சிறிய தோள் போர்வை, கறுப்புத் தொப்பி. இத்தாலியில் விதவையானபோது அணிந்த துக்க உடைதான் சபையின் சீருடையாயிற்று.

அதே ஆண்டு ஜூன் மாதம் மேரிலாண்டு மலைப்பகுதியில் எம்மிட்ஸ்பர்க் என்னும் இடத்துக்குப் புறப்பட்டனர். 50 மைல், ஒரு மூடுவண்டி. குதிரைகளுக்குப் பாரம் குறைய, பெரும் பகுதி தூரத்தை நடந்தே கடந்தனர். அங்கே நான்கு அறைகள் கொண்ட ஒரு கல் வீட்டில் பதினாறு பேர் வாழ்ந்தனர். குளிர்காலத்தில் கூரைச் சந்துகளின் வழியே பனி உள்ளே விழுந்து போர்வை மேல் படியும். கேரட்டை வறுத்துக் காப்பி போட்டுக் குடித்தனர். (இதைப் படித்த பின் எங்கள் விடுதித் தோழியர் இங்கே கிடைக்கும் காப்பியைப் பற்றிச் சற்று அடக்கமாகவே பேசுகின்றனர்.) 1810 பிப்ரவரியில் அங்கு அவர்கள் தொடங்கிய புனித சூசையப்பர் பள்ளியில் ஏழைப் பெண் குழந்தைகள் கட்டணமின்றிப் படித்தனர்.

சபைக்கு ஒழுங்குமுறை வேண்டும். புனித வின்சென்ட் தெ பவுல் பிரான்சு நாட்டில் தம் சகோதரிகளுக்குக் கொடுத்த சட்டங்களை எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆனால் அங்கே ஐந்து பிள்ளைகளை உடைய தலைவிக்கு இடம் ஏது? எலிசபெத் தம் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடமையோடு மோதும் எந்தக் கட்டுப்பாட்டையும் தம்மால் ஏற்க முடியாது. சபையா பிள்ளைகளா என்று வந்தால் பிள்ளைகளே. பேராயர் கரோல் அதைப் புரிந்துகொண்டார். 1812இல் சட்டங்கள் திருத்தி அங்கீகரிக்கப்பட்டபோது, அன்னை சீட்டன் தம் பிள்ளைகளின் காப்பாளராகத் தொடர்ந்து இருக்க வழி செய்யப்பட்டது. கன்னியர் மடத்துக்குள்ளே, அம்மா என்று சொந்தப் பிள்ளைகள் கூப்பிடும் குரலும் கேட்டது.

இனி அன்னா மரியாவைப் பற்றி. லாசரெட்டோவில் கயிறு தாண்டிய சிறுமி எங்கள் வயதுக்கு வந்துவிட்டாள். பால்ட்டிமோரில் இருந்தபோது, பிரெஞ்சுத் தீவொன்றிலிருந்து படிக்க வந்திருந்த ஓர் இளைஞனிடம் அவள் மனம் சென்றது. (இந்தப் பத்தியைச் சகோதரி அடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே எழுதுகிறோம்.) தாய்க்குத் தெரியாமல் கடிதங்கள் போயின. தெரிய வந்தபோது எலிசபெத் வருந்தினார். ஆனால் மகளை வெறுத்து ஒதுக்கவில்லை. கேட்டு, யோசித்து, திருமணத்துக்குக் காத்திருக்கலாம் என்று இசைந்தார். இளைஞன் தன் ஊருக்குப் போனான். பிறகு வேறொரு பெண்ணை விரும்புவதாகச் செய்தி வந்தது. அன்னா அதைப் பொறுமையோடு தாங்கினாள். சின்னப் பெண்களுக்குப் பாடமும் ஜெபமும் கற்றுக்கொடுப்பதில் மனத்தைச் செலுத்தினாள். 1811ஆம் ஆண்டு முடியுமுன் தந்தையின் நோய் அவளையும் பற்றிக்கொண்டது. படுக்கையில் இருந்தவாறே சபையின் வார்த்தைப்பாடு கொடுத்தாள். 1812 மார்ச் 12ஆம் நாள் இறந்தாள். வயது 16.

மகளின் மறைவுக்குப் பின் அன்னை சீட்டன் நிலைகுலைந்துபோனார். ஜெபிக்க முடியவில்லை, புத்தி பேதலித்துவிடுமோ என்றே அஞ்சினார். பல மாதங்கள் அப்படிக் கழிந்தன. இதையும் அவர் மறைக்கவில்லை. சிமோன் ப்ரூட்டே என்னும் பிரெஞ்சுக் குருவின் துணையால் மெல்ல மெல்ல மீண்டார். புனிதர்கள் துன்பத்தைச் சிரித்துக்கொண்டே தாங்குவார்கள் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். இவர் அப்படித் தாங்கவில்லை. ஆனாலும் காலையில் மணி அடித்ததும் எழுந்து பள்ளிக்கு வந்தார். மாணவியருக்கு ஒரு தாயின் தேவை இருந்தது. அவருக்கு இன்னும் நான்கு பிள்ளைகள் இருந்தனர்.

கடைக்குட்டி ரெபேக்கா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டாள். நொண்டி நொண்டி நடந்தவள் பின்னர் எழவே முடியாமல் போயிற்று. கடைசி வாரங்களில் படுக்கவும் இயலாது. தாய் இரவெல்லாம் உட்கார்ந்து அணைத்துக்கொண்டிருந்தார். 1816 நவம்பர் 3ஆம் நாள் 14 வயதில் தாயின் கைகளிலேயே அவள் உயிர் பிரிந்தது. மகன்கள் இருவரும் வேறு விதமான கவலை. வில்லியமையும் ரிச்சர்டையும் ஒருவர் பின் ஒருவராக லிவோர்னோவுக்கு ஃபிலிக்கியிடம் தொழில் பழக அனுப்பினார். இருவருக்கும் வாணிபம் ஒத்துவரவில்லை. மூத்தவன் கடற்படையில் சேர்ந்தான். கடிதம் வராதா என்று ஒரு சபையின் தலைவி தபாலை எதிர்பார்த்துக் காத்திருந்தார். பதில் எழுதச் சோம்பும் அண்ணன்மார் நம் வீடுகளிலும் உண்டு அல்லவா?

சபை வளர்ந்தது. 1814இல் பிலடெல்பியாவில் ஓர் அநாதை இல்லத்தை நடத்தவும், 1817இல் அவருடைய சொந்த ஊரான நியூயார்க்குக்கும் சகோதரிகள் சென்றனர். அன்னை சீட்டனுக்கோ அதே காசநோய். 1821 ஜனவரி 4ஆம் நாள் எம்மிட்ஸ்பர்க்கில், 46ஆம் வயதில், அவர் இறந்தார். மகன்கள் அருகில் இல்லை. கட்டிலருகே அழுதுகொண்டிருந்தவள் 20 வயது கேதரின் மட்டுமே. 1975 செப்டம்பர் 14ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்களைப் போலவே நீங்களும் கேட்பீர்கள். ரிச்சர்டு 1823இல் ஆப்பிரிக்கக் கரை அருகே கப்பலில் காய்ச்சலால் இறந்தார். வில்லியமின் மகன்களுள் ஒருவர் குருவாகிப் பேராயர் பட்டமும் பெற்றார். லிவோர்னோவில் படகில் வந்து தடுத்து நிறுத்தப்பட்டாரே அந்தச் சகோதரர், அவருடைய மகனும் கத்தோலிக்க மறையைத் தழுவி, பால்ட்டிமோர் பேராயரானார்.

ஸ்டேட்டன் தீவில் யாருடைய பாலைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்று கேட்கப்பட்டதோ அந்தக் கேதரின், 1846இல் நியூயார்க்கில் இரக்கத்தின் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். பல்லாண்டுகள் அந்நகரச் சிறைகளுக்குச் சென்று கைதிகளோடு பேசி வந்தார். 1891இல் இறந்தபோது அவருக்கு வயது 90. தாய் அவளுக்கென்றே தம் கையால் எழுதிக் கொடுத்த அறிவுரைகள் கொண்ட சிவப்பு அட்டைச் சிறு புத்தகம் ஒன்று உண்டு.